சுந்தரியின் நெற்றி

வளர்ந்த மனிதர்கள் மூன்று பேர் ஒரு நாயைச் சுற்றி நின்று கெஞ்சிக்கொண்டிருந்தோம்.

லண்டனிலிருந்து தெற்கே போனால் வரும் ஒரு காட்டின் ஓரம். கார் நிறுத்துவதற்கென்று விட்டிருந்த சேற்று நிலம். காலைப் பனி மரங்களிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. என் சப்பாத்துக்குள் ஈரம் இறங்கி விரல்கள் விறைத்துவிட்டன.

நாயின் பெயர் சுந்தரி. செம்மஞ்சள் நிறத்தில் தடித்த காப்புச் சட்டை போட்டிருந்தது. கழுத்தில் அகலத் தோல் பட்டி. பட்டியில் கட்டிய நீளக் கயிறு பின்னால் சேற்றில் கிடந்தது. முன்னால் புல்லில் காய்ந்த இரத்தம். முந்திய நாள் பின்னேரம் காரில் அடிபட்ட காட்டுப்பன்றி அந்த வழியாகத்தான் காட்டுக்குள் இறங்கியிருந்தது. அதை மணம் பிடித்துத் தேடிக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் ஒரு வருடத்துக்கு மேலாகச் சுந்தரியைப் பழக்கியிருந்தோம்.

சுந்தரி குந்தியிருந்தது. இரத்தத்தை எட்டியும் பார்க்கவில்லை. என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

டெரிக்கின் இடுப்பு

சென்ற கிழமை இந்தப் பத்தியில் பஸ் டிப்போ கன்டீனைப் பற்றி எழுதியதற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊரிலிருந்து ஒரு வாசகர் கோபித்து எழுதியிருக்கிறார். அங்கே விற்ற ரோல்ஸை நான் குறைத்துச் சொல்லிவிட்டேனாம். இந்தக் கிழமை அவர் நிம்மதியாக இருக்கலாம். இதில் ரோல்ஸ் இல்லை. ஒரு பன்றிக் கால் மட்டும் வருகிறது.

நான் பஸ் ஓட்டிய டிப்போவில் டெரிக் மெக்கானிக்காக இருந்தான். அதிகம் பேசமாட்டான். என் பஸ்ஸின் பிரேக்கைப் பற்றி அவன் பேசினால் மட்டும் நான் கவனமாகக் கேட்பேன். வார இறுதிகளில் அவன் நாயோடு காடுகளுக்குப் போவான் என்பது நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

இந்த நாட்டில் நாயை அவிழ்த்துவிட்டுப் பன்றி துரத்த முடியாது. சட்டம் பிடிக்கும். ஆனால் வாகனத்தில் அடிபட்டோ, குண்டு சரியாகப் படாமலோ காயத்தோடு ஓடிய மிருகத்தை, கயிற்றில் கட்டிய நாயோடு தேடிப்போய் அதன் வேதனையை முடித்துவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். டெரிக் அப்படிப்பட்டவன். ஒரு சதமும் வாங்காமல் செய்தான். பாதி உயிரோடு ஒன்றை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தேநீர் குடிக்கக்கூடாது என்பது அவன் கொள்கை.

சுந்தரியைக் குட்டியாக வாங்கிய கையோடு அவனுக்கு இடுப்பு எலும்பு மாற்றினார்கள். நடக்க முடியாது. நாயைப் பழக்க ஆள் வேண்டும். ஓய்வுபெற்று, வீட்டில் சும்மா இருந்து, மனைவியின் காலுக்குள் இடறிக்கொண்டிருக்கும் ஆள் யாரென்று யோசித்திருக்கிறான். குட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் இருக்கும் மனோர் பார்க்குக்கு டாக்ஸியில் வந்து இறங்கினான்.

என் மனைவி வசந்தா கதவைத் திறந்தாள். குட்டி செம்மண் நிறம். முகம் மட்டும் அடிப்பிடித்த சட்டி மாதிரிக் கறுப்பு.

“நாய் வீட்டுக்குள்ளை வரக்கூடாது. சாமியறை இருக்குது” என்றாள்.

அன்று பின்னேரம் குட்டி சாமியறை வாசலில் படுத்திருந்தது. பெயரும் வைத்தாகிவிட்டது.

குளிர்ப்பெட்டியில் ஒரு கால்

இந்தப் பழக்கம் எப்படி என்று கேட்டால், சொல்வது சுலபம். பன்றி இரத்தத்தை ஒரு போத்தலில் எடுத்துப் புல்லில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு நடக்கவேண்டும். சப்பாத்தின் அடியில் பன்றியின் குளம்பைக் கட்டிக்கொள்ளவேண்டும். முடிவில் ஒரு துண்டுப் பன்றித் தோலை வைக்கவேண்டும். சில மணி நேரம் விட்டுப் பிறகு நாயைக் கொண்டுவந்து தேடவிடவேண்டும். தோலைக் கண்டுபிடித்தால் அதற்கு இறைச்சித் துண்டு. தேறத் தேற வழியை நீட்டி, வளைத்து, இரவு முழுக்க ஆறவிட்டுத் தேடச் சொல்லவேண்டும்.

இரத்தத்தையும் கால்களையும் டெரிக் அனுப்பிவைப்பான். அவற்றை வைக்க எங்களிடம் இருந்தது ஒரே ஒரு குளிர்ப்பெட்டி. அதில் பனங்கிழங்கு ஒடியல் மா, முருங்கைக்காய், வசந்தாவின் தோசை மா எல்லாம் இருந்தன. அவள் செவ்வாயும் வெள்ளியும் விரதம். ஒரு செவ்வாய்க்கிழமை முருங்கைக்காய் என்று நினைத்து உறைந்த காலொன்றைப் பிரித்துவிட்டாள். குளம்போடு. அன்றிலிருந்து விரத நாளில் கால் வீட்டில் இருக்கக்கூடாது என்று சட்டம் வந்தது.

பக்கத்து வீட்டு யோசப்பின் அக்கா மன்னார்க்காரி, கத்தோலிக்கர். நல்ல மனம். அந்த நாட்களில் பொட்டலத்தைத் தன் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொண்டார். தவக்காலம் வந்ததும் அவருக்கும் வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் கூடாதென்றாகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் நான் பன்றிக் காலோடு தெருவில் நிற்க நேர்ந்தது. இரண்டு சமயங்கள் சேர்ந்து ஒரு மனிதனை வெளியே தள்ளியதை அப்போதுதான் பார்த்தேன்.

செய்வினைக்காரன்

வழி போடுவதற்கு வீட்டுக்குக் கிட்டவுள்ள புல்வெளிக்கு விடியற்காலையில் போவேன். ஆட்கள் வருமுன் வேலையை முடிக்கவேண்டும்.

ஒருநாள் குளம்பு கட்டிய சப்பாத்தோடு குனிந்து இரத்தத்தைச் சொட்டுவிட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் சிவபாதம் அண்ணை. ஒவ்வொரு வெள்ளியும் கோயிலில் எனக்கு முன்னால் நிற்பவர். சுகர் காரணமாக வேகநடை நடப்பவர். அன்று வேகமும் இல்லை, நடையும் இல்லை. என் போத்தலைப் பார்த்தார். என் கால்களைப் பார்த்தார்.

“தம்பி, ஆருக்கு?” என்று மெல்லக் கேட்டார்.

“ஆருக்கு என்னண்ணை?”

“எனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனா உதெல்லாம் செய்யிற ஆளுக்குத்தான் திரும்பும்.”

நாய்க்கு என்றேன். அது நிலைமையை மோசமாக்கியது. ஒரு நாய்க்குப் போய்ச் செய்வினை செய்கிறவன் என்று கோயிலில் கதை பரவியது. அந்த வருடம் அன்னதானத்தில் எனக்குப் பக்கத்துக் கதிரை எப்போதும் காலியாக இருந்தது. பாயாசம் மட்டும் கேட்காமலே இரண்டாம் தரம் வைத்தார்கள். பயம் என்பது சில நேரம் உபயோகமான பொருள்.

வாசலில்

டெரிக் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னான். வேலை தொடங்குகிறது என்று நாய்க்குத் தெரிவதற்கு ஒரே ஓர் அடையாளம்தான் இருக்கவேண்டும். அந்த அகலத் தோல் பட்டிதான் அது. சும்மா உலாவக் கொண்டுபோகும்போது அதைக் கட்டவே கூடாது. பட்டி ஏறினால் வேலை, இறங்கினால் விளையாட்டு. நாய்க்குக் குழப்பம் வரக்கூடாது.

நான் சொன்னபடியே செய்தேன். காப்புச் சட்டையைப் போட்டு, பட்டியைக் கட்டி, வீட்டு வாசலால் சுந்தரியைக் கொண்டு இறங்குவேன்.

காப்புச் சட்டையைப் பற்றிச் சொல்லவேண்டும். பன்றியின் கொம்புப்பல் கீழிருந்து மேலே கிழிக்கும். நெஞ்சும் கழுத்தும் விலாவும் போய்விடும். அதற்காகக் கத்தி இறங்காத துணியைப் பல மடிப்பாக வைத்துத் தைத்த சட்டை அது. டெரிக் ஒருநாள் எங்கள் வீட்டில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டே தன் முந்திய நாயைப் பற்றிச் சொன்னான். அந்த நாய்க்குச் சட்டை இல்லை. நெஞ்சிலிருந்து வயிறுவரை திறந்துவிட்டதாம். மிருக வைத்தியரிடம் போகும் வழியில் அவன் மடியிலேயே முடிந்ததாம். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சொதி கேட்டான். வெள்ளைக்காரர் துக்கத்தைச் சொல்லும் முறை அது. ஊற்றிய சொதியை அவன் தொடவில்லை.

வசந்தா அகப்பையை வைத்துவிட்டு எழுந்து போனாள். சட்டையை எடுத்துக்கொண்டு வந்து திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“வயித்துக்கு ஒண்டும் இல்லையே?” என்று என்னிடம் கேட்டாள்.

வயிற்றையும் மூடினால் நாய்க்கு ஓட ஏலாது, வெக்கையில் விழுந்துவிடும் என்று டெரிக் விளக்கினான். அவள் தலையாட்டினாள். ஒப்புக்கொள்ளவில்லை. அக்குளில் வார் உரசும் இடத்துக்குப் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து மடித்துத் தைத்தாள். அடுத்த நாளிலிருந்து நான் சுந்தரியோடு இறங்கும்போது வாசலுக்கு வந்து, அதன் நெற்றியில் திருநீறு பூசி, “போட்டு வாங்கோ”, அதாவது போய்விட்டு வாருங்கள், என்று அனுப்பத் தொடங்கினாள். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கும் நாய்க்கும் மரியாதை குறையாது. எனக்குத்தான் சில நாட்களில் குறையும்.

நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. திருநீறு பூசி அனுப்புவது எங்களுக்குப் புதிதா? கணக்குச் சோதனைக்கு நெற்றி நிறையப் பூசிக்கொண்டுதான் போனேன். நெற்றி நிறைந்தது, விடைத்தாள் நிறையவில்லை. பிறகு ஊரில் ரோட்டில் இறங்கினால் திரும்பி வருவது நிச்சயமில்லாத காலம் வந்தது. அம்மா வேலிப் படலையில் நின்று பூசும்போது அவவின் விரல் நெற்றியில் ஒரு கணம் அழுத்தமாக நிற்கும். அந்த அழுத்தம் எதற்கென்று அப்போது தெரியும், ஆனால் இருவரும் தெரியாத மாதிரி இருப்போம். லண்டனில் அகதி விசாரணைக்குப் போன நாளில் வசந்தா அதே மாதிரி அழுத்தினாள். புதுக் கார் வாங்கியபோதும் அதன் நெற்றியில், அதாவது பொனட்டில், பூசினாள். ஐயர் பூசை செய்து காகிதத்தில் மடித்துக் கொடுத்த திருநீற்றுச் சரை இன்னும் காரின் முன்தட்டு லாச்சிக்குள் கிடக்கிறது. வெளிக்கிடுகிற எதற்கும் எங்கள் வீட்டில் ஒரு கீறு உண்டு.

மீண்டும் காட்டோரம்

முதல் உண்மையான அழைப்பு வந்த நாளில் வசந்தா வாசலுக்கு வரவில்லை. “குளிக்கிறன்” என்று உள்ளிருந்து குரல் வந்தது. நேரம் போய்க்கொண்டிருந்ததால் நான் இறங்கிவிட்டேன். டெரிக்கையும் ஊன்றுகோலையும் ஏற்றிக்கொண்டு போனோம். காட்டைப் பார்த்துக்கொள்ளும் ஃபியோனா துப்பாக்கியோடு அங்கே காத்திருந்தாள். வேதனையை முடித்துவைக்கிற பொறுப்பு அவளுடையது.

பன்றிக்குப் பின்னங்கால் முறிந்திருக்கவேண்டும், இழுத்துக்கொண்டு போன தடம் தெரிகிறது என்றாள். காட்டு விளிம்புக்கு அப்பால் முட்செடி அடர்த்தியாக இருந்தது. நாய் இல்லாமல் அதற்குள் தேடுவது நடக்காத காரியம்.

சுந்தரி குந்தியே இருந்தது. டெரிக் பட்டியை அவிழ்த்து மறுபடி கட்டினான். இரத்தம் பட்ட இலையை மூக்குக்கு முன் பிடித்தான். நான் இறைச்சித் துண்டைக் காட்டினேன். ஃபியோனா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இந்த நாய் வேலைக்கு ஆகாது என்று அவள் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

டெரிக் சிரமப்பட்டுக் குனிந்தான். அப்போது சுந்தரி முகத்தை உயர்த்தி, கண்களைப் பாதி மூடி, நெற்றியை அவனுக்கு நீட்டியது.

எனக்குக் காது சூடேறியது. வீட்டு வாசலில் அது வசந்தாவிடம் நிற்கிற நிலை அது. ஒரு வருடமாக நாங்கள் பட்டியைக் காட்டிப் பழக்கினோம் என்று நினைத்திருக்கிறோம். சுந்தரி பழகியது வேறொன்றுக்கு.

சற்றுத் தள்ளிப் போய் வீட்டுக்குத் தொலைபேசி அடித்தேன்.

“வசந்தா, இண்டைக்கு நீர் அவவுக்குத் திருநீறு பூசேல்லை.”

“குளிச்சுக்கொண்டு நிண்டனான்.”

“அவ அதுக்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறா. அசையிறா இல்லை.”

 “தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“பட்டி கட்டினாப்போலை அவ வெளிக்கிடுறேல்லை. நான் பூசினாப்பிறகுதான் மூக்கைக் கீழை போடுவா. போன மாசமே கண்டிட்டன்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நான் பூசாட்டி அவ போகமாட்டா தானே. போகாட்டி முழுசா வீட்டை வருவா.”

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. இரண்டு குழந்தைகளைப் படிப்பித்து, கட்டிக் கொடுத்து, வெவ்வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு இருக்கிறவள். இன்னொன்றை அனுப்ப அவளுக்கு மனமில்லை. அவ்வளவுதான். அவள் குளிக்கவில்லை என்பதும் எனக்கு அப்போது விளங்கியது. குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு நின்றிருக்கிறாள்.

“பண்டிக்குக் கால் முறிஞ்சு போச்சுதாம்” என்றேன். “உள்ளுக்கை எங்கையோ கிடக்குது. நாங்கள் எடுக்காட்டி அது உடனை சாகாது, வசந்தா. கிடந்து கிடந்துதான் சாகும்.”

 ஃபியோனா துப்பாக்கியைத் தோளில் மாற்றிப் போட்டாள்.

“கார் லாச்சிக்குள்ளை பாருங்கோ” என்றாள் வசந்தா. “சரை இருக்கும்.”

எடுத்தேன். காகிதம் மஞ்சளாகியிருந்தது. வந்து சுந்தரியின் நெற்றியில் பூசினேன். டெரிக் வாயைத் திறந்து, திறந்தபடியே வைத்துக்கொண்டான். சுந்தரி எழுந்து நின்றது. மூக்கு விரிந்தது. பிறகு என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குந்திக்கொண்டது.

“எழும்பினவ. திரும்ப இருந்திட்டா.”

“கிட்டக் கொண்டுபோய் ஸ்பீக்கரிலை போடுங்கோ” என்றாள்.

தொலைபேசியை நாயின் காதருகே பிடித்தேன். வசந்தாவின் குரல் வந்தது. 

“சுந்தரி அம்மா. கவனமாப் போட்டு வாங்கோ.”

சுந்தரி எழுந்தது. மூக்கு நிலத்தைத் தொட்டது. என் கையிலிருந்த கயிறு இறுகியது.

முட்செடிக்குள்

ஒருமுறை தொடங்கிவிட்டால் சுந்தரி அவசரப்படாது. வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை மாதிரி ஒவ்வொரு இலையாகப் போகும். இறகு இலைப் பன்னச் செடிகளுக்குள்ளால் போய், ஓர் ஓடையைத் தாண்டி, வழி தவறி, தானாகத் திரும்பி வந்து பிடித்தது. நான் கயிற்றின் மறுமுனையில் இழுபட்டேன். பின்னால் ஃபியோனா. டெரிக் காரடியிலேயே நின்றுவிட்டான்.

முட்செடிப் பற்றை ஒன்றின் முன்னால் சுந்தரி நின்று உறுமியது. ஃபியோனா கையை உயர்த்தினாள். நான் கயிற்றைச் சுருட்டிக் கிட்ட இழுக்கவேண்டும். பழக்கத்தில் நூறு தரம் செய்த வேலை. ஈரக் கயிறு வழுக்கியது.

பற்றை திறந்துகொண்டது. கறுப்பாக ஒன்று வெளியே வந்தது. மூன்று காலில் ஒரு மிருகம் அவ்வளவு வேகமாக வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சுந்தரி பக்கவாட்டில் தூக்கி எறியப்பட்டது. துணி கிழியும் சத்தம் கேட்டது.  பயந்தேன். எனக்காக அல்ல. வசந்தாவிடம் என்ன சொல்வேன் என்று பயந்தேன்.

ஒரு வெடி. 

பன்றி விழுந்து கிடந்தது. சுந்தரி அதனருகே போய், ஒருமுறை மணந்து பார்த்துவிட்டு, என் காலடியில் வந்து நின்று உடம்பை உதறியது. சட்டையின் நெஞ்சுப் பக்கம் ஒரு முழ நீளத்துக்குப் பிளந்திருந்தது. உள் மடிப்புத் தாங்கியிருந்தது. விரலை விட்டுத் தடவினேன். இரத்தம் இல்லை. அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். ஃபியோனா என் தோளில் கை வைத்து, நல்ல நாய் என்றாள்.

காரடியில் டெரிக் சட்டையின் கிழிசலைப் பார்த்தான். விரலால் அதன் நீளத்தை அளந்தான். பிறகு, உன் மனைவி தொலைபேசியில் என்ன சொன்னாள் என்று கேட்டான்.

“போய்விட்டு வரச் சொன்னாள்.”

“நாங்கள் நாய்க்குப் போ என்று மட்டும்தான் சொல்வோம்” என்றான். அதற்குப் பிறகு மனோர் பார்க் வரும்வரை சுந்தரியின் தலை அவன் மடியில் இருந்தது.

குழாய்ச் சத்தம்

வசந்தா வாசலில் நின்றாள். சட்டையைக் கழற்றி, விலாவை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். கிழிசலுக்குள் கையை விட்டு மறுபக்கத்தால் விரலை எடுத்தாள். நான் ஏச்சுக்குத் தயாராக நின்றேன். இனி இந்த வீட்டிலிருந்து நாய் போகாது என்பாள் என்று நினைத்தேன். சொன்னால் நானும் ஓம் என்றிருப்பேன்.

சேலைத் தலைப்பை நனைத்து, சுந்தரியின் நெற்றியில் இருந்த திருநீற்றைத் துடைத்துவிட்டாள்.

“வேலை முடிஞ்சுது, அம்மா” என்றாள். சுந்தரி அந்த இடத்திலேயே சரிந்து படுத்து நித்திரையாகிவிட்டது.

“புதுச் சட்டை சொல்லுங்கோ டெரிக்கிட்டை” என்றாள் என்னிடம். “நெஞ்சுக்கு இன்னும் ஒரு மடிப்பு வேணுமெண்டு சொல்லுங்கோ.”

இப்போது காலையில் பூசை முடிந்ததும் அவள் வீட்டில் எல்லாருக்கும் திருநீறு தருவாள். எனக்கு, வந்திருக்கிற விருந்தாளிக்கு, சில நாட்களில் மதிலுக்கு மேலால் யோசப்பின் அக்காவுக்கும். சுந்தரி சாமியறை வாசலில் வந்து நெற்றியை நீட்டிக்கொண்டு இருக்கும். அதை மட்டும் வசந்தா தாண்டிப் போய்விடுவாள். “இண்டைக்கு இல்லை, அம்மா” என்பாள். அதைச் சொல்கிற நாட்களில் அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருக்கும்.

சில காலைகளில் தொலைபேசி அடிக்கும். டெரிக்தானா என்று நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்ப்பதற்குள் குசினியில் குழாய்ச் சத்தம் கேட்கும். வசந்தா திருநீறு எடுக்கக் கை கழுவுகிறாள்.